துட்டி வீட்டு ஏலம்

ஒரகடத்தில் கார் கதவுக்குத் தகடு அடிக்கிற ஒரு கம்பெனி இருந்தது. அங்கே ஒவ்வொரு ஷிப்ட் தொடங்கும்போதும் செத்துப்போன ஒருவன் பாதுகாப்பு உறுதிமொழி வாசிப்பான். உயிரோடு இருக்கிற நானூறு பேர் வலது கையை நீட்டிக்கொண்டு அதைத் திருப்பிச் சொல்வார்கள். இதில் விசித்திரம் ஒன்றும் இருப்பதாக நிர்வாகம் நினைக்கவில்லை.

செத்துப்போனவன் பெயர் இசக்கிதுரை. நாங்குநேரிப் பக்கம். பேசச் சொன்னால் சிரிக்கிற ஆள், ஆனால் குரல் மட்டும் கணீரென்று இருக்கும். மனிதவள மேலாளர் தாண்டவராயன் அவனை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, மைக்கின் முன் உட்காரவைத்து, உறுதிமொழியைப் பதிவு செய்தார். எட்டு மாதம் கழித்து, ஓடிக்கொண்டிருந்த பிரஸ் மெஷினுக்குள் ஒரு தகடு சிக்கியது. அதை எடுக்க இசக்கிதுரை கையை விட்டான். மெஷின் கையோடு நிறுத்திக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வழக்கம்போல ஸ்பீக்கர் பேசியது. “இயந்திரம் முழுவதும் நின்ற பின்பே உள்ளே கை வைப்பேன்” என்று இசக்கிதுரை சொன்னான். அன்று யாரும் திருப்பிச் சொல்லவில்லை. அதற்காக எல்லோருக்கும் அரைநாள் ஒழுங்குப் பயிற்சி கொடுத்தார்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் அவனோடு ஒரே ரூமில் ஆறு வருடம் இருந்தவன் உச்சிமாகாளி. இவன் வருகைக் கார்டை அவன் தேய்ப்பான், அவன் லீவை இவன் போடுவான். யாருடைய பாஸ்வேர்ட் யாருடையது என்று இருவருக்கும் மறந்தே போயிருந்தது. ஸ்பீக்கரில் வேறு குரல் போடுங்கள் என்று உச்சிமாகாளி எழுதிக் கொடுத்தான். குரலை நீக்கக் குரலுக்கு உரியவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் தேவை, படிவம் இணைக்கப்பட்டுள்ளது என்று பதில் வந்தது. அதன்பிறகு அவன் கேட்கவில்லை. தினமும் கையை நீட்டி, சிநேகிதன் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னான். சில நாள் வாயை மட்டும் அசைப்பான்.

பிறகுதான் ஒன்றைப் பார்த்தான். கம்பெனிச் சுவருக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில், மதியம் இரண்டு மணி ஷிப்டுக்கு முன்னால், இசக்கிதுரையின் மனைவி சுகப்பிரியா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஸ்பீக்கர் பேசி முடிந்து மணி அடித்ததும் போய்விடுகிறாள். கேட்டபோது சொன்னாள்: அவன் சாவதற்கு ஒரு வாரம் முன்னால், ஞாயிற்றுக்கிழமையும் ஓ.டி. போகிறான் என்று சண்டை போட்டு, அவன் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாவற்றையும் அழித்துவிட்டாளாம். இப்போது உலகத்தில் அவன் குரல் இருக்கிற இடம் அந்தச் சுவர் ஒன்றுதான். பிள்ளை கனிஷ்காவுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. அப்பா உள்ளே வேலை பார்க்கிறார், ஷிப்ட் முடிந்ததும் வருவார் என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

இந்த நிலைமையில் கம்பெனியை மூடுவதாக அறிவித்தார்கள்.

மூடுகிறோம் என்ற சொல்லைத் தாண்டவராயன் பயன்படுத்தவில்லை. கேன்டீனில் எல்லோரையும் உட்காரவைத்து, கேசரி கொடுத்து, பேசினார்.

“நாம தொழிற்சாலையை மூடலை. அதை ஒரு நினைவா மாத்துறோம். நினைவுக்கு கரன்ட் பில் கிடையாது, கேன்டீன் கிடையாது, யூனியன் கிடையாது. இவ்வளவு லாபகரமான ஒரு பொருளை நாம இதுவரைக்கும் தயாரிச்சதே இல்ல.”

அந்த நினைவை விற்கப் பாரம்பரியக் குழு ஒன்று உருவானது. தாண்டவராயன் தலைவர். கம்பெனியில் இருந்த சாமான்கள் எல்லாம் ஒரே வாரத்தில் அரும்பொருட்கள் ஆயின. முதல் கதவுத் தகடு, பித்தளை டோக்கன்கள், கேன்டீன் தட்டு, பெயர் எழுதிய ஹெல்மெட்டுகள், 2015 வெள்ளத்தில் கறை படிந்த வருகைப் பதிவேடு. பழைய தொழிற்சாலைச் சாமான்களுக்காக உயிரை விடுகிற சேகரிப்பாளர்கள் ஊர் ஊராக இருக்கிறார்களாம். அவர்களுக்காக ஆன்லைன் ஏலம், ஏழு நாள். கடைசி நாள் மதியம் இரண்டு மணிக்கு முடியும். கம்பெனியின் கடைசி ஷிப்டும் அப்போதுதான் தொடங்கும்.

பட்டியலில் பொருள் எண் நூற்றுப் பதினேழு: குரல் பெட்டி, மெமரி கார்டுடன். தொடக்க விலை இரண்டாயிரம்.

உச்சிமாகாளி அன்றே சுகப்பிரியாவிடம் போய் வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டான்.

“எவ்வளவு ஆனாலும் எடுத்துருங்கண்ணே. என் தோட்டைக் கூட அடகு வச்சுக்கிடலாம்,” என்றாள்.

தொழிலாளர்கள் ஏலத்தில் கலந்துகொள்ள ஒரு பயிற்சி வகுப்பு, ஒரு தேர்வு. வகுப்பில், ஏலம் என்பது ஒரு மனப்பான்மை என்று படம் போட்டுக் காட்டினார்கள். தேர்வில் ஒரு கேள்வி: நீங்கள் மிகவும் விரும்பும் பொருளை வேறொருவர் அதிக விலைக்குக் கேட்டால் என்ன செய்வீர்கள்? அ. விட்டுக்கொடுப்பேன். ஆ. வருந்துவேன். இ. என் உச்ச வரம்பை உடனே உயர்த்துவேன். உச்சிமாகாளி ஆ என்று போட்டான். மறு தேர்வு எழுத வைத்தார்கள்.

அவனுக்குத் தெரிந்த ஏலம் ஒன்றே ஒன்றுதான். ஊரில் அம்மன் கொடைத் திருவிழா முடிந்ததும் எலுமிச்சம்பழம் ஏலம் விடுவார்கள். போட்டி போட்டுக்கொண்டு கேட்பார்கள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்குக்கூடப் போவார்கள். ஆனால் அந்த வருடம் சாவு விழுந்த வீட்டுக்காரர் ஒருவர் வாயைத் திறந்துவிட்டால், “துட்டி வீடு கேக்கு” என்று ஒரு குரல் வரும். அவ்வளவுதான். எதிர்த்து யாரும் கேட்க மாட்டார்கள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். சட்டம் ஒன்றும் இல்லை. அப்படிக் கேட்டால் மனிதனில்லை, அவ்வளவுதான்.

கம்பெனி ஏலத்தில், விலை போடும் கட்டத்துக்குக் கீழே ஏலதாரர் குறிப்பு என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. அது எதற்கு என்று உச்சிமாகாளிக்குச் சந்தேகமே வரவில்லை. இரண்டாயிரம் என்று போட்டுவிட்டு, கீழே எழுதினான்: இது துட்டி வீடு. செத்தவன் குரல். அவன் பிள்ளை கேட்பதற்காக எடுக்கிறோம்.

மூன்று மணி நேரம் யாரும் கேட்கவில்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கெங்கோ இருக்கிற, முகம் தெரியாத சேகரிப்பாளர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகர்வதை அவன் மனதில் பார்த்தான்.

நான்காவது மணி நேரத்தில் பட்டியல் மாறியது. குரல் பெட்டி என்ற பெயர் போய், ‘இறந்தவரின் குரல்: அரிதினும் அரிது’ என்று வந்தது. அவன் எழுதிய வரிகள் பொன்னிற எழுத்தில் கீழே ஓடின. பக்கத்தில் ஒரு சான்று முத்திரை: துக்கம் உறுதி செய்யப்பட்டது. சாயங்காலத்துக்குள் விலை பதினோராயிரம்.

தாண்டவராயன் அவனைக் கூப்பிட்டுக் கைகொடுத்தார். “வெறும் ஸ்பீக்கர் யாருக்குப்பா வேணும்? நீங்க எழுதின மூணு வரிதான் திருப்புமுனை. பின்னால ஒரு துக்கம் இருந்தாத்தான் சேகரிப்பாளர் வருவார். இதே மாதிரி மத்த பொருளுக்கும் எழுதித் தர முடியுமா? கேன்டீன் தட்டு ரொம்ப மந்தமா போயிட்டிருக்கு.”

உச்சிமாகாளி குடியிருந்த பிள்ளைப்பாக்கம் லைன் வீட்டுக்குச் சொந்தக்காரர் ராஜாமணி. நிலத்தை விற்ற காசில் நாள் முழுக்க ஆன்லைன் ஏலத்தில் பழைய நாணயமும் நின்றுபோன கைக்கடிகாரமும் வாங்குகிறவர். வீட்டில் நாற்பது கடிகாரம் இருந்தும் மணி கேட்க வெளியே வருவார். நடந்ததைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

“இன்னாபா நீ, ஏலத்துல போயி மனசத் தொறந்து காட்டிகினு கீற. வேணும்னு காட்டிக்கவே கூடாது. கம்முனு இருக்கணும். கடைசி நிமிசம், கடைசி அஞ்சு செகண்டு, டப்புன்னு ஒரு அமவுண்ட். அடிச்சிட்டு வந்துகினே இருக்கணும். அதுவும் ரவுண்டா போடாத. எதிராளி பத்தாயிரம்னு வரம்பு வச்சிருந்தா நீ பத்தாயிரத்து ஏழு போடு. ஏழு ரூபாயில ஆள் காலி.”

இன்னொரு வழியும் சொன்னார். திடீரென்று பெரிய தொகைக்குத் தாவினால் எதிராளி மிரண்டுபோவானாம். உச்சிமாகாளி மறுநாள் அதைச் செய்தான். பதினோராயிரத்திலிருந்து ஒரே தாவலாக இருபதாயிரம். சேகரிப்பாளர்கள் உண்மையாகவே மிரண்டார்கள். ஒவ்வொருவராக விலகினார்கள். இரவு பத்து மணிக்குப் போன் முனகியது.

திரையில் பச்சை எழுத்தில் ஒரு செய்தி, பக்கத்தில் ஒரு பட்டாசுப் படம்: ‘இசக்கிதுரை உங்களை முந்திவிட்டார்! விடாதீர்கள்!’

அவன் போனைக் கீழே வைத்தான். பிறகு எடுத்துப் பார்த்தான். தொழிலாளர் எண்ணும் அதேதான். சின்னதாகப் போட்டோ, மீசை, லேசான சிரிப்பு. இருபதாயிரத்து ஐந்நூறு. அவன் இருபத்தோராயிரம் போட்டான். ஒரு மூச்சு விடுவதற்குள் பதில் வந்தது. ‘இசக்கிதுரை உங்களை முந்திவிட்டார்!’ உயிரோடு இருந்தபோது ஒருநாளும் அவன் முந்தியதில்லை. பஸ்ஸில் ஜன்னல் சீட்டைக்கூட விட்டுக்கொடுப்பான். எதற்குடே இப்படிப் பண்ணுகிறாய் என்று உச்சிமாகாளி போனைப் பார்த்து வாய்விட்டுக் கேட்டான். அறையில் வேறு யாரும் இல்லை. பதில் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

மறுநாள் தாண்டவராயன் முன்னால் போய் நின்றான்.

“சார், எனக்கு எதிரா இசக்கிதுரை கேக்கான். அவன் செத்துட்டாம்லா சார்.”

தாண்டவராயன் கோபப்படவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். “தெரியும்பா. மலர்வளையத்துல இருந்தது என் கையெழுத்துதான். ஆனா அவர் செத்தது சம்பளப் பதிவேட்டுல. ஏலப் பதிவேடு வேற துறை. ஏலம்னா ஒரு கலகலப்பு வேணும். ரெண்டு பேர் கேட்டாத்தான் மூணாவது ஆள் வருவான். அதுக்காக நம்மகிட்ட இருந்து போன முப்பத்தொன்பது பேர் கணக்கைக் கம்ப்யூட்டர்ல ஓட விட்டிருக்கோம். பேர் அவங்களோடது, கை மெஷினோடது.”

“வேற பேரு போடக் கூடாதா சார்?”

“உயிரோட இருக்கறவங்க பேரைப் போட்டா கேள்வி கேப்பாங்க. இவங்க ஒருத்தர்கூட இதுவரைக்கும் புகார் குடுத்ததில்ல. நிறுவனத்துக்கு இவ்வளவு விசுவாசமான ஆளுங்க எனக்கு முன்னாடி கிடைச்சதே இல்ல.” சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. உண்மையாகவே நெகிழ்ந்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன். எழுந்து போகும்போது, போட்டியாளர்கள் அனைவரும் உயிருடன் உள்ள நபர்களே என்று தணிக்கைக்காகத் தாம் கையெழுத்திட்ட சான்றிதழைச் சுவரில் காட்டினார். கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது.

கடைசி நாள் வந்தது. ராஜாமணி சொன்னபடி உச்சிமாகாளி காலையிலிருந்து கம்மென்று இருந்தான். சுகப்பிரியா லீவு போட்டுவிட்டுப் பிள்ளையோடு பஸ் நிறுத்தத்தில் நின்றாள். இவனும் அங்கேயே போய் நின்றான். தோடு அவள் காதில் இல்லை. அவன் சேமிப்பு, அவள் தோடு, ராஜாமணி கொடுத்த கைமாற்று எல்லாம் சேர்த்து முப்பத்தெட்டாயிரம் வரைதான் முடியும். விலை முப்பதாயிரத்தில் நின்றது. முன்னிலையில் இசக்கிதுரை.

இரண்டு மணிக்கு ஐந்து நொடி இருக்கும்போது முப்பதாயிரத்து எழுநூற்று ஏழு என்று அடித்தான். கடிகாரம் நிற்கவில்லை. கடைசி நொடியில் யாராவது கேட்டால் ஏலம் ஐந்து நிமிடம் நீளும் என்பது விதி. ராஜாமணிக்கு அது தெரியாது. இசக்கிதுரை முந்தினான். இவன் ஏற்றினான். அவன் முந்தினான். ஐந்து நிமிடம், இன்னொரு ஐந்து நிமிடம். முப்பத்தெட்டாயிரம் போட்டதும் இவன் பை காலி. முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு என்று இசக்கிதுரை சிரித்துக்கொண்டிருந்தான்.

மூன்று நிமிடம் இருந்தது. உச்சிமாகாளி அப்போது செய்தது, ஒருவன் கார்டை ஒருவன் தேய்த்துப் பழகியவர்களுக்கு மட்டுமே தோன்றும். தன் கணக்கிலிருந்து வெளியே வந்தான். இசக்கிதுரையின் எண்ணைப் போட்டு, அவன் பாஸ்வேர்டை அடித்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோரையும் பாஸ்வேர்ட் மாற்றச் சொல்லி உயிரை எடுக்கிற கம்பெனி, இறந்தவனைத் தொந்தரவு செய்யவில்லை. கதவு திறந்தது. நல்வரவு இசக்கிதுரை, உங்கள் தானியங்கி ஏலம் நடப்பில் உள்ளது, உச்ச வரம்பு: இல்லை.

விலகுவதற்கு ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினான். காரணம் கேட்டது. பணப்பற்றாக்குறை, மனமாற்றம், வெளியூர்ப் பயணம். செத்துப்போனது பட்டியலில் இல்லை. மனமாற்றம் என்பதன் மேல் விரலை வைத்தவன், அப்படியே நிறுத்தினான். இந்த ஏலத்தில் இசக்கிதுரைதான் கேட்கிறான். அவனைவிடத் துட்டி வீட்டுக்காரன் யார்? அவன் கேட்கும்போது எதிர்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது யார்?

விரலை எடுத்தான். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். தோளில் துண்டு இல்லை, இருந்திருந்தால் உதறிப் போட்டிருப்பான்.

“விட்டுட்டேன் பிரியா. அவன் கேக்கான். அவனே எடுத்துக்கிடட்டும்.”

அவளுக்குப் புரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்பீக்கர் கரகரத்தது. கடைசி ஷிப்ட் ஏலத்துக்காகத் தாமதமாகத் தொடங்கியது. இசக்கிதுரை உறுதிமொழி வாசித்தான், உள்ளே யாரோ நாலு பேர் திருப்பிச் சொன்னார்கள், மணி அடித்தது. இவன் பையில் போன் முனகியது. ‘வாழ்த்துகள் இசக்கிதுரை! பொருள் எண் 117 உங்களுடையது. தொகை நிறுவனக் கணக்கில் சரிசெய்யப்பட்டது. நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்.’

மறுநாள் சுகப்பிரியா டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த இசக்கிதுரையின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உச்சிமாகாளி போனான். அவளும் கூட வந்தாள். அலுவலகத்தில் தாண்டவராயனுக்குப் பக்கத்தில் தணிக்கையாளர் எழிலரசி உட்கார்ந்திருந்தார். போட்டியாளர்கள் உயிரோடு இருப்பதாகத் தந்த சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றி மேசையில் வைத்திருந்தார். வென்ற ஒவ்வொருவரையும் நேரில் பார்க்காமல் கோப்பை முடிக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தாராம்.

“பொருள் நூற்றுப் பதினேழு. இசக்கிதுரை யாரு?” என்றார்.

“நான்தான் மேடம்,” என்றான் உச்சிமாகாளி.

தாண்டவராயன் அவனைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், சான்றிதழைப் பார்த்தார். நெற்றியில் வேர்வை பூத்தது. பிறகு எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“வாங்க இசக்கிதுரை. உடம்பு எப்படி இருக்கு?”

“பரவால்ல சார்.”

“இவர் நம்ம பழைய ஆளு மேடம். ரொம்ப நாள் லீவுல இருந்தார். பாதுகாப்புல ரொம்ப அக்கறை உள்ளவர்.”

எழிலரசி ஒரு படிவத்தைச் சுகப்பிரியா பக்கம் நகர்த்தினார். உறவு என்ற இடத்தில் மனைவி என்று எழுதினாள். மேற்கண்ட நபர் உயிருடன் உள்ளார், ஆம் அல்லது இல்லை. அதன் முன்னால் அவள் பேனா வெகுநேரம் நின்றது. உச்சிமாகாளி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டான். ஆம் என்று எழுதிவிட்டு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கையெழுத்து தெளிவாக இல்லை என்று இன்னொரு முறை போடச் சொன்னார்கள்.

பெட்டியோடு வெளியே வந்த அரைமணி நேரத்தில் இசக்கிதுரையின் கணக்குக்கு இன்னொரு செய்தி வந்தது. தாங்கள் உயிருடன் இருப்பது உறுதியானதால், எழுநூற்றுப் பன்னிரண்டு நாட்கள் தகவலின்றிப் பணிக்கு வராததற்கு ஏழு நாளில் விளக்கம் தரவும்.

வீட்டில் பெட்டியை ஸ்டூலின் மேல் வைத்துச் சொருகினார்கள். கனிஷ்கா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கதவு சாத்தியிருந்தது. இசக்கிதுரை பேசினான். சுவரும் சாலையும் லாரிச் சத்தமும் இல்லாமல், முதல் முறையாக வீட்டுக்குள் வந்து பேசினான். சுகப்பிரியா முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். உறுதிமொழி முடிந்தது. மணி அடித்தது. கம்பெனியில் கார்டிலிருந்த அந்த மணியோடு நிறுத்திவிடுவார்கள். கார்டு நிற்கவில்லை. நாற்காலி நகரும் சத்தம். பிறகு இசக்கிதுரையின் குரல், சாதாரணமாக.

“சார், ஒண்ணு கேக்கலாமா? மூணாவது வரியில, மெஷின் நின்ன பொறவுதான் கை வைப்பேன்னு இருக்கு. ஆனா சூப்பர்வைசர் நிறுத்த விட மாட்டேங்காரே சார். நிறுத்துனா மெமோ குடுக்காரு. பின்ன இதை எப்படிச் சொல்ல?”

தாண்டவராயனின் குரல், சிரித்துக்கொண்டே. “யோவ், இது படிக்கிறதுக்குத்தான்யா.”

உச்சிமாகாளி பாய்ந்து நிறுத்தப் போனான். சுகப்பிரியா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நிறுத்தாதீங்கண்ணே. அவிய சிரிக்காவ.”

ஆமாம், இசக்கிதுரை சிரித்தான். அவனுடைய அந்தச் சிரிப்பேதான், பதில் சொல்லத் தெரியாதபோது சிரிக்கிற சிரிப்பு. அது அடங்கியதும் கேட்டான்.

“சரி சார். வேலை முடிஞ்சிட்டுல்லா? அப்ப நான் வீட்டுக்குப் போலாமா?”

பதில் பதிவாகவில்லை. கார்டு அத்தோடு முடிந்துவிட்டது. பெட்டியில் இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

கனிஷ்கா எழுந்தாள். எட்டாத தாழ்ப்பாளுக்காக ஸ்டூலை இழுக்கப் பார்த்தாள். அதில் பெட்டி இருந்ததால், குடத்தைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்று, கதவைத் திறந்து வைத்தாள்.